திறந்த கேட்டில் நின்ற கம்பெனி பஸ்

போன வருடம் கோடையில், ஓசூர் போகும் வழியில் ஓர் ஆற்றுப் பாலத்தில் நடந்தது இது.

எங்களுக்கு ஊர் கல்லாவி. மகளுக்கு ஓசூரில் நர்சிங் நுழைவுத் தேர்வு. முந்தின வருடம் அம்மை போட்டு எழுத முடியாமல் போனவளுக்கு, இந்த முறை மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. ஆனாலும் எழுதியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள், நிஜமாகவே. வாடகைக் கார் பிடித்துக் கிளம்பினோம்.

அந்தப் பாலத்தில் மூன்று வழி: போக ஒன்று, வர ஒன்று, நடுவில் ஒன்று. நடுவழி மட்டும் காலையில் ஓசூர் போகிறவர்களுக்கு, அப்புறம் எதிரே வருகிறவர்களுக்கு. இரண்டு முனையிலும் கேட்டு தானாகவே ஏறி இறங்கும். ஒரு பக்கம் வண்டி நுழைவது நின்று, நடுவழி முழுக்கக் காலியானால்தான் மறுபக்கம் திறக்கும்.

நாங்கள் போனபோது எங்கள் வழியில் கிரானைட் ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. நேரம் மாறிவிட்டதால் நடுவழிக் கேட்டும் மூடியாயிற்று. அதில் எதிரே கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். நேரே கேட்டுக்காரரிடம் போய், மகளுக்குப் பரீட்சை, திறந்துவிடுங்கள் என்று கத்தினேன்.

“நானா தூக்க முடியாதுங்கம்மா. அந்தப் பக்கம் வர்ற வண்டி நின்னாத்தான் இது மாத்தவே விடும்” என்றார். பிறகு காரை எட்டிப் பார்த்தார். மாவுக்கட்டைக் கண்டதும் மறுமுனைக்காரருக்குப் போன் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் பஸ்கள் வருவது நின்றது. கடைசி வண்டி எங்களைத் தாண்டியதும் எங்கள் கேட்டு மேலே ஏறியது. எனக்கு நம்பவே முடியவில்லை.

மறுமுனைக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. மறுமுனைக்காரர் விவரம் சொன்னதும் ஒரு கம்பெனி பஸ், கேட்டு திறந்திருந்தபோதே நுழையாமல் அதற்கு முன்னால் நின்றுவிட்டிருக்கிறது. டிரைவர் கீழே இறங்கி, பின்னால் ஹாரன் அடித்தவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். ஷிஃப்டுக்குக் கொஞ்சம் பிந்தினாலும் அரை நாள் லீவில் போய்விடும் என்பது பஸ்ஸில் இருந்த பெண்களுக்குத் தெரியாதா என்ன? ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை.

“பாப்பா, பயப்படாம எழுது! நாங்க லேட்டா பஞ்ச் பண்ணிக்கிறோம்” என்று ஜன்னலில் தலை நீட்டி ஒரு பெண் கத்தினாள். பக்கத்து ஜன்னல்காரி கன்னடத்தில் “ஒள்ளேதாகலி” என்று வாழ்த்தினாள். இறங்கி நன்றி சொல்ல நேரமில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன், அவ்வளவுதான்.

தேர்வு மையத்தில் கதவைச் சாத்தப் போகிற நேரம். மகள் நொண்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். இப்போது நர்சிங் முதல் வருடம். ஊசி போட்டுப் பழக என் கையைக் கேட்கிறாள்; நான் கொடுப்பதாக இல்லை.

அந்த பஸ்ஸில் இருந்த ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. ஆனால் வழி திறந்திருந்தும் அவர்கள் போகாமல் நின்றதால்தான் என் மகள் போய்ச் சேர்ந்தாள் என்பதை நினைக்காத நாளில்லை.