பேர் மாறிய அர்ச்சனை

போன தை மாதம் என் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. பதினோரு வருஷமாகக் கிளப் கால்பந்து ஆடுகிறவன் நான். ஸ்டாப்பர் பேக். கோல் போட வருகிறவனைத் தடுப்பதுதான் என் பிழைப்பு. டாக்டர் ஏழு மாசம் ஆகும் என்றார். வயது முப்பத்தொன்று. இனி யார் என்னைக் கூப்பிடுவார்கள்? கோட்டையூர் வீட்டில் படுத்தபடியே அழுதிருக்கிறேன்.

வலியை விடப் பெரிய எரிச்சல், என் இடத்தில் சரவணனை இறக்கியது. தேவகோட்டைக்காரன், இருபத்துமூன்று வயசு. அவன் ஆட்டத்தை டிவியில் பார்ப்பேன், பந்து அவன் காலை விட்டு நழுவாதா என்று. நழுவவே நழுவாது. தலையால் முட்டி வெளியே தள்ளுவான், கேலரியே எழுந்து கை தட்டும். எனக்கு வயிறு பற்றி எரியும். ஒருநாள் என் மகளே அவன் நம்பர் போட்ட ஜெர்சி வேண்டும் என்றாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவனுக்கும் முழங்கால் போகட்டும் என்று நினைத்தேன்.

ஆவணியில் ஃபிட்னஸ் டெஸ்ட். தேறாவிட்டால் காண்ட்ராக்ட் கிடையாது. முந்தின நாள் காலை மனைவி மீனாவோடு பிள்ளையார்பட்டி போனேன். கற்பக விநாயகரிடம் நான் கேட்க வந்தது என் காலையும் என் இடத்தையும். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

"சரவணன், பூசம்" என்றேன்.

பூசம் என் நட்சத்திரம்தான். என் பேர் முருகேசன். ஏழு மாசமாக அவன் பேரையே மென்றுகொண்டிருந்த வாய், அதையே துப்பிவிட்டது. நான் சுதாரிப்பதற்குள் குருக்கள் மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார்.

வெளியே வந்ததும் மீனா பிடித்துக்கொண்டாள். "ஒங்க பேரையே மறந்துட்டீகளே! அந்தத் தம்பி ஒங்க மனசுல அம்புட்டு எடத்தையும் பிடிச்சுக்கிருச்சு."

இன்னொரு அர்ச்சனை செய்யலாம் என்றேன். அவள் விடவில்லை. "தம்பி பேருக்கு நடந்த பிரசாதம். தம்பிகிட்டயே குடுத்துருங்க."

மறுநாள் மைதானத்தில் விபூதிப் பொட்டலத்தை வேண்டாவெறுப்பாக நீட்டினேன். "ஒம் பேருக்குத்தேன் அர்ச்சனை. நட்சத்திரம் மட்டும் என்னுது" என்றேன்.

அவன் முகம் சுண்டிப்போனது. "அண்ணே, ஒங்க முட்டி தேறிரக் கூடாதுன்னு போன வாரந்தேன் வேண்டிக்கிட்டேன். மன்னிச்சுருங்கண்ணே."

ஓங்கி ஒன்று விட வேண்டும் போலிருந்தது. ஆனால் சிரிப்புத்தான் வந்தது. அவனும் சிரித்தான். என் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. அந்த லேசோடு ஓடினேன், கால் தாங்கியது. தேறிவிட்டேன்!

அடுத்த ஆட்டத்தில் கோச் இருவரையும் சேர்த்தே நிறுத்தினார். அவன் வலப்பக்கம், நான் இடப்பக்கம். ஒரு கோல் கூட விழவில்லை. அவனைக் கிளப்பிவிட்டு எனக்கு இடம் கொடு என்று கேட்டிருந்தேன். பிள்ளையார் அவனைக் கிளப்பாமலே கொடுத்தார். அந்தக் கருணையை எப்படிச் சொல்வேன்.

பொய் சொல்ல மாட்டேன், பேப்பரில் அவனைப் புகழ்ந்தால் இப்போதும் சுருக்கென்கிறது. அப்போதெல்லாம் அவன் பேருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிடுகிறேன்.

அன்பர்களே, யார் பேரைக் கேட்டால் உங்களுக்கு எரிகிறதோ, அந்தப் பேரை ஒருதரம் கற்பக விநாயகரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் கைவிட மாட்டார். நட்சத்திரம் தெரியாதே என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஆளிடமே போய்க் கேளுங்கள்.