பதின்மூன்றாவது மாதம்

பக்கத்து வீட்டு எத்தியோப்பிய அக்கா கோப்பிக்கொட்டை வறுத்தால், மணம் எங்கள் குசினி வரை வரும். பிள்ளைகளே, உங்கள் அப்பப்பா எத்தியோப்பியாவில் கணக்குப் படிப்பித்தவர். லீவில் யாழ்ப்பாணம் வந்து அவர் பெட்டியைத் திறந்தபோதும் இதே மணம்தான்.

மலைமேல் தலைநகரம், பழைய அரசர்கள், அவர்களுக்கென்று தனி எழுத்து என்று நிறையச் சொன்னார். "அங்கை வருஷத்துக்குப் பதின்மூண்டு மாதமடா. கடைசி மாதத்துக்கு அஞ்சாறு நாள்தான்."

மறுநாள் வகுப்பில் எழும்பி அதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"புளுகுறியோ?" என்று மாஸ்டர் பிரம்பால் இரண்டு போட்டார்.

"அப்பாவைக் கேளுங்கோ சேர்."

பின்னேரம் சந்தியில் மாஸ்டர் என்னையும் வைத்துக்கொண்டே அப்பாவைக் கேட்டார். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். அப்பா என் கையில் இருந்த தழும்பைப் பார்த்தார். பிறகு, "சின்னப்பிள்ளைதானே, மாறி விளங்கிட்டான்" என்று சிரித்தார்.

உண்மையைச் சொன்னால் சிநேகிதனின் முகம் கறுத்துவிடுமாம். வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்ன காரணம் அது. அதற்குப் பிறகும் எத்தனையோ கதை சொன்னார். ஒன்றையும் நான் வெளியே சொல்லவில்லை.

நான் சொல்வதை நீங்கள் பள்ளிக்கூடத்தில் தாராளமாகச் சொல்லுங்கள். யாராவது சிரித்தால் என்னைக் கூப்பிடுங்கள். வேலையை விட்டுவிட்டென்றாலும் வந்து, நான்தான் சொன்னேன் என்று உங்கள் பக்கத்தில் நிற்பேன்.