ஆறு பேரும் உட்கார்ந்த ஆட்டம்

முதல் நாள் வாலிபால் பயிற்சிக்குக் குண்டூசி வெறுங்காலோடுதான் வந்தாள். மற்றவர்கள் ஷூ போட்டிருந்ததைப் பார்த்ததும் அவள் கால்விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன. அப்போது லிஃப்டர், "இந்த ஷூ கடிச்சே கொன்னுடும் போலிருக்கு" என்று முனகியபடி தன்னுடையதைக் கழற்றிச் சுவரோரம் வீசினாள். அன்று இருவர் வெறுங்காலில் ஆடினார்கள். லிஃப்டரின் காலில் கடித்த தடம் எதுவும் இல்லை. குண்டூசி அதைப் பார்த்தாள். மனசுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

இருவருக்கும் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவை ஆலையில் மடிப்பு வேலை. படுக்கை விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரே மூச்சில் உதற வேண்டும். ஒருத்தி முந்தினாலும் துணி கோணிக்கொள்ளும். வேலை முடிந்ததும் லாரி நிற்கும் இடத்தில் வலை கட்டி வாலிபால். அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள் லிஃப்டர். அதுவே பேராகவும் ஒட்டிக்கொண்டது. கைத்தட்டல் என்னவோ அடிக்கிறவளுக்குத்தான். "தட்டட்டுமே, வலிக்கப்போறது அவங்க கைதானே" என்பாள் லிஃப்டர்.

வாலிபாலில் யாரும் ஒளிய முடியாது. இடம் சுற்றிக்கொண்டே இருக்கும். முறை வந்தால் பின்னால் போய் நின்று சர்வீஸ் போட்டே தீர வேண்டும். குண்டூசி போட்டால் பாதிக்கு மேல் வலையில்தான் விழும்.

ஆலைகளுக்கிடையே நடந்த போட்டியில் சோப்பு ஆலைப் பெண்களோடு இறுதி ஆட்டம். மேனேஜர் தன் மைத்துனி மகளைக் காரில் கூட்டிவந்து இறக்கினார்.

"குண்டூசி வெளிய உட்காரட்டும். இந்தப் பொண்ணு காலேஜ் டீம்ல ஆடுனவ."

"எங்களோட ஒரு விரிப்பாவது மடிச்சிருக்காளா சார்?" என்றாள் லிஃப்டர்.

"மடிப்புக்கும் விளையாட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? நான் சொன்னா சொன்னதுதான்."

லிஃப்டர் கோர்ட்டின் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பந்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன கூத்து இது?"

"அவள வெளிய உட்காரச் சொன்னீங்க. நான் உள்ள உட்கார்றேன்."

மற்ற நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடிக்கிறவள், "எனக்கும் முட்டி வலிதான்" என்று முதலில் உட்கார்ந்தாள். பிறகு மற்ற மூவரும். குண்டூசி மட்டும் பயந்துபோய் நின்றாள்.

"நீயும் உட்காருடி, சண்டையே உனக்குத்தான்!" என்று லிஃப்டர் அவளையும் இழுத்து உட்காரவைத்தாள்.

சோப்பு ஆலைக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மேனேஜர் முகம் கறுத்துப்போய், "ஆடித் தொலைங்க" என்றார்.

ஆடினார்கள். உயிரைக் கொடுத்து ஆடினார்கள். இழுபறியாகப் போன ஆட்டத்தின் கடைசியில் சர்வீஸ் சுற்றிக்கொண்டு குண்டூசியிடம் வந்து நின்றது. அவள் கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிட்டு அடித்தாள். பந்து வலையில் விழுந்தது. தோற்றுப்போனார்கள்.

மறுநாள் லிஃப்டரை மேனேஜர் அறைக்கு அழைத்தார்கள். தன்னால்தான் வந்தது என்று குண்டூசியும் பின்னாலேயே ஓடி வாசலில் நின்றாள்.

"எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டா இங்கயே இருக்கலாம். இல்லன்னா தூரத்து ஆலைக்கு மாத்திடுவேன்."

"எதுக்கு சார் மன்னிப்பு? தோத்ததுக்கா, உட்கார்ந்ததுக்கா?"

"உட்கார்ந்ததுக்கு."

"அப்ப முடியாது சார். தோத்ததுக்குன்னா கேட்டிருப்பேன்."

மாற்றிவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் குண்டூசி தேம்பித் தேம்பி அழுதாள். "என்னாலதானடி..."

லிஃப்டர் படியில் ஏறிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"மூக்கத் தொடைச்சுக்கோ. இப்ப டீம்ல ஒரு இடம் காலி, அந்தாளு மறுபடி கார்ல யாரையாவது இறக்குவாரு. விட்டுறாத. மெஷினாண்ட நிக்கிறாளே ஒரு தூங்குமூஞ்சி, அவள இழுத்துட்டு வா. பந்து பிடிக்கத் தெரியாதுன்னு சொல்லுவா. உனக்கு மட்டும் தெரிஞ்சுதா?"