நல்ல தண்ணீரில் வளர்ந்த புல்

இலை மஞ்சளானால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. வாலிபம் முழுக்க ரோஜாச் செடி விற்கும் நர்சரியில் கழித்தவர். மஞ்சள் இலை தொங்கும் செடியை எந்த மகராசி காசு கொடுத்து வாங்குவாள்? அங்கே பழகிய கை. கூட வேலை செய்தவர்கள் 'பச்சை' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவரைக் கொண்டுபோய், நகரத்தின் ஓரத்து உப்பங்கழியில் நடுவதற்கு உவர்ப்புல் வளர்க்கும் வேலையில் சேர்த்துவிட்டவன் அவர் மைத்துனன், மனைவியின் தம்பி. நடவுக்கு அவன்தான் மேஸ்திரி. அந்தக் கரையிலேயே காலங்காலமாக வளர்ந்த புல்தான், பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் பையில் முளைத்த நாற்றுக்குக் கழியின் உப்புத்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலந்து ஊற்றி, உப்புக்குப் பழக்க வேண்டும். பழகாத நாற்று கழியில் இறங்கினால் அம்போதான்.

பச்சையும் கலந்து ஊற்றினார். நுனி கருகியது. மனசு கேட்க வேண்டுமே! எல்லோரும் போனபின் குழாயைத் திறந்து நல்ல தண்ணீர் விட்டார். மறுநாளும் விட்டார். பார்வையிட வந்த மேலாளர் அம்மா, "அடேயப்பா, என்னமா இருக்கு! இப்படி ஒரு நாத்து நான் பார்த்ததே இல்ல" என்றதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் உப்பாவது ஒன்றாவது!

நட்டார்கள். கடல் ஒருமுறை நன்றாக ஏறி இறங்கியது. அவ்வளவுதான், கழி முழுக்க வைக்கோல் நிறம்.

மேலாளர் அம்மா எல்லோரையும் கரையில் நிற்க வைத்தார். "நாத்து நல்லா இருந்துச்சு, என் கண்ணால பார்த்தேன். மேடு பள்ளம் பார்க்காம நட்டுட்டீங்க."

மைத்துனன் தலைகுனிந்தான். பச்சை பக்கத்தில்தான் நின்றார். சொல்லியிருக்கலாம். செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே நின்றார், வெட்கங்கெட்ட மனுஷன்.

மறுநாள் சாயங்காலம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். அக்கா தட்டு வைத்தாள். அவன் தொடவில்லை.

"மாமா, மன்னிச்சிடுங்க. பிள்ளை மாதிரி வளர்த்துக் குடுத்தீங்க, நான் பாழாக்கிட்டேன். தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு கணக்கு தப்பிடுச்சு போல."

தன்னிடமே மன்னிப்புக் கேட்கிறான்! பச்சைக்கு உடம்பெல்லாம் கூசியது. மனைவி முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

"உன் கணக்கு தப்பல மாப்ள. நான் உப்பே காட்டல. குழாய்த் தண்ணிதான் ஊத்தினேன். வாடுறதப் பார்க்க முடியல. அப்புறம் அந்தம்மா பாராட்டினதும் விட மனசு வரல."

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள். மைத்துனன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவன் திட்டவில்லை.

"இத நேத்தே சொல்லியிருக்கலாமே மாமா."

"நாளைக்கு முதல் ஆளா வந்து சொல்லிடறேன். உன் எதிர்லயே சொல்றேன்."

"நான் அங்க இருக்க மாட்டேன். காலையிலதான் என்னை வேலைய விட்டு நிறுத்தினாங்க. வரும்போது அந்தம்மாகிட்ட, மாமாவ மட்டும் ஒண்ணும் செஞ்சிடாதீங்க, அவர் மேல ஒரு தப்பும் இல்லன்னு கெஞ்சிட்டு வந்தேன்."