யூஃபோனியம் கிறிஸ்டோபர் பிடித்த திருடன்

கிறிஸ்டோபர் போலீஸ்காரன். பத்தொன்பது வருட சர்வீஸ். போன வருடம் வரை அவன் ஒருத்தனையும் விரட்டியதில்லை, ஒரு டூவீலரையும் ஓரங்கட்டி லைசென்ஸ் கேட்டதில்லை. காரணம், அவனும் நானும் மாவட்ட ஆயுதப்படையின் பேண்டு வாத்தியக் குழுவில் இருந்தோம். நான் பெரிய டிரம். அவன் யூஃபோனியம், நெஞ்சோடு அணைத்துப் பிடித்து ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியம். ராயப்பன்பட்டி சர்ச் பேண்டில் ஊதிக்கொண்டிருந்தவனை அந்த மூச்சுக்காகவே எடுத்தார்கள். ஒரு மூச்சில் அவன் ஊதி முடிப்பதற்குள் நான் ஒரு டீ குடித்துவிடுவேன்.

மாவட்டத்தில் எந்த விழிப்புணர்வு என்றாலும் முன்னால் நாங்கள்தான். போதை ஒழிப்பா, ஹெல்மெட்டா, டெங்குவா, எல்லாவற்றுக்கும் அதே ஆறு பாட்டு. கொசுவுக்கு எதிராக மார்ச் பாஸ்ட் நடத்திய ஒரே படை நாங்களாகத்தான் இருப்போம். வாசித்து முடித்ததும் ஜனங்கள் மனுவோடு வருவார்கள். காக்கியைப் பார்த்தால் போதும், கையில் லத்தி இருக்கிறதா பித்தளை இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? மார்க்கையன்கோட்டையில் மொக்கம்மாள் என்று ஒரு அம்மா, பக்கத்துத் தோட்டக்காரன் வாய்க்காலை மறிக்கிறான் என்று என் டிரம் மேலேயே மனுவை விரித்து வைத்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கிறிஸ்டோபர் மட்டும் குனிந்து முழுசாகக் கேட்டான். நிஜப் போலீஸாக இருக்க வேண்டும் என்ற ஏக்கம் அவனுக்கு உண்டு.

அந்த ஏக்கத்தை நெருப்பாக ஊதிவிட்டவர் அவன் மாமனார் வைகுண்டராஜ். போடி பஜாரில் ஏலக்காய்க் கடை. போலீஸ் மாப்பிள்ளை என்று பெருமையாகத்தான் மகள் ஞானசெல்வியைக் கொடுத்தார். பிறகு ஒரு தடவை அவர் கடையில் இரண்டு மூட்டை களவு போனது. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி ஸ்டேஷனுக்குப் போனார். அங்கிருந்த ரைட்டர் கிறிஸ்டோபரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேண்டுல இருக்கீகளா? நல்லதாப் போச்சு. எங்க மச்சினன் வீட்டுல காதுகுத்து வருது. ஒரு நாலு பேரைக் கூட்டிட்டு வர முடியுமா?"

மூட்டை கிடைக்கவில்லை. அன்றிலிருந்து மாமனார் அவனை யாருக்காவது அறிமுகம் செய்தால், "நம்ம மாப்ள, வாத்தியக்காரரு" என்பார். ஞானசெல்வி ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் சொல்லாததுதான் அவனை அரித்தது. "தங்கப்பாண்டி, ஒரே ஒரு திருடனைப் பிடிச்சாப் போதும்டா. அவ முன்னால" என்பான் என்னிடம். பேண்டில் இருந்துகொண்டு திருடனைப் பிடிப்பது கிணற்றில் இருந்துகொண்டு பஸ் பிடிக்கிற மாதிரி.

போன வருடம் சின்னமனூரில் ஒரு மைதானத்தில் பொதுமக்களுக்கான நிகழ்ச்சி. தலைப்பு: திருட்டுத் தடுப்பு விழிப்புணர்வு. உயர் அதிகாரிகள் மேடையில், இருநூறு போலீஸ் சுற்றிலும், ஆயிரம் பேருக்குக் குறையாமல் ஜனம். ஞானசெல்வி முதல் வரிசைக்குப் பக்கத்தில் தோளில் பையோடு நின்றாள். எல்லாம் முடிந்து கடைசியாகத் தேசிய கீதம். எங்கள் பேண்டு மாஸ்டர் மொக்கைச்சாமி கையை உயர்த்தினார். நாங்கள் ஆரம்பித்தோம்.

மைதானமே சிலையாகிவிட்டது. அதில் ஒரு சிலையின் கை மட்டும் ஞானசெல்வியின் பைக்குள் இருந்தது.

வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, சட்டைப்பையில் நாங்கள் கொடுத்த திருட்டுத் தடுப்பு நோட்டீஸ். அவன் பைக்குள் கையை விட்ட நொடியில் பாட்டு தொடங்கிவிட்டது. எடுக்கலாம்தான். ஆனால் ஆயிரம் பேர் அசையாமல் நிற்கும்போது ஒருத்தன் அசைந்தால் என்ன ஆகும்? அவனுக்கு விவரம் இருந்தது. இடது கையைத் தொடையோடு ஒட்டி, வலது கையைப் பைக்குள் வைத்தபடி, மேடையைப் பார்த்து மரியாதையாக நின்றான்.

நான் பார்த்தேன். சல்யூட்டில் இருந்த அத்தனை போலீஸும் பார்த்தது. யார் அசைவது? ஞானசெல்விக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவள் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. எல்லோரும் வாத்தியத்தை இறக்கினோம். யூஃபோனியம் மட்டும் நிற்கவில்லை. கடைசி ஸ்வரத்தை கிறிஸ்டோபர் பிடித்துக்கொண்டே இருந்தான்.

பத்து வினாடி. இருபது வினாடி. கீதம் முடிந்துவிட்டதா இல்லையா என்று மைதானத்தில் யாருக்கும் தெரியவில்லை. சத்தம் கேட்கிறவரை சல்யூட்டை இறக்க ஒருத்தருக்கும் தைரியமில்லை. மேடையில் ஒருவர் சல்யூட் அடித்த கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டார். மொக்கைச்சாமியின் கண் பிதுங்கியது. திருடனும் நின்றான். அவனுக்கு நெற்றியிலிருந்து வியர்வை ஓடியது.

வீட்டில் தினமும் அவன் பயிற்சி செய்வதைக் கேட்கிறவள் ஞானசெல்வி. அந்த ஸ்வரம் எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்றால் ஏதோ கோளாறு. அவன் முகத்தைப் பார்த்தாள். கன்னம் உப்பி, முகம் செக்கச் சிவந்து, கண் மட்டும் அவள் பையையே பார்த்தது. அவள் தலையைத் திருப்பவில்லை. முழங்கையை மட்டும் உடம்போடு ஒட்டி இறுக்கினாள். பையும் அதற்குள் இருந்த கையும் நசுங்கின. அட்டென்ஷனில் நிற்பதும் அப்படித்தானே?

அதற்குப் பிறகுதான் கிறிஸ்டோபர் மூச்சை விட்டான். அடுத்த நொடி பதினோரு போலீஸ் திருடன் மேல் விழுந்தது.

பிறகு நடந்ததுதான் கொடுமை. கிறிஸ்டோபருக்கு மெமோ வந்தது: தேசிய கீதத்தின் இறுதி ஸ்வரத்தை நாற்பத்தோரு வினாடி நீட்டியதற்கு விளக்கம் கேட்டு. சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. வந்தால், கீதம் இசைக்கும்போது கண்ணை அலையவிட்டதாக ஒப்புக்கொள்ள வேண்டும். இருநூறு போலீஸ் கண்ணெதிரே நடந்த திருட்டை ஒரு போலீஸும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை என்றுதான் எழுதிக் கொடுத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மொக்கைச்சாமி நல்ல மனிதர். "வால்வு சிக்கிருச்சுன்னு எழுதுப்பா. நான் கையெழுத்துப் போட்டுர்றேன். விஷயம் இத்தோட முடிஞ்சிரும்" என்றார்.

"வால்வு நல்லாத்தான்யா இருக்கு" என்றான் கிறிஸ்டோபர். "திருடனைப் பிடிக்கத்தான் ஊதுனேன்."

அப்படியே எழுதினான். அவனுக்குச் சாதகமாகப் பேசிய ஒரே ஆள் திருடன். கருத்தக்கண்ணன் என்று பேர். வாக்குமூலத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தான்: "என் மேல விழுந்தவுக எல்லாம் அப்புறமா வந்தாக. என்னையப் பிடிச்சது அந்தப் பெரிய வாத்தியக்காரருதான். அவரு நிறுத்துனாத்தானய்யா நான் ஓடுறது?"

அதிகாரிகள் யோசித்து ஒரே உத்தரவில் இரண்டையும் முடித்தார்கள். கீதத்தை நீட்டியதால் பேண்டிலிருந்து நீக்கம்; குற்றத் தடுப்பில் ஆர்வம் காட்டியதால் ஸ்டேஷன் பணி. வாத்தியத்தை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். வைகுண்டராஜ் போடி பஜார் முழுக்க லட்டு கொடுத்தார். "மாப்ள இப்பத்தான் நெசமான போலீஸு" என்றார்.

ஸ்டோரில் கொடுப்பதற்கு முன்னால் கிறிஸ்டோபர் அதைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தான். ஸ்டோர்க்காரர் எனக்கு ஜாடை காட்டினார். நான்தான் அவன் கையிலிருந்து வாங்கிக் கொடுத்தேன்.

போன மாதம் அல்லிநகரத்தில் எங்கள் நிகழ்ச்சி. அவனுக்குப் பந்தோபஸ்து டூட்டி. ஞானசெல்வியும் வந்திருந்தாள். யூஃபோனியத்தில் புதிதாக வந்த அஜய்குமார். கடைசி ஸ்வரத்துக்கு முன்னாலேயே அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. முடிந்ததும் டிரம்மை இறக்கிவைத்துவிட்டு அவர்களிடம் போனேன்.

"வீட்ல எப்படி இருக்கான்மா?" என்று ஞானசெல்வியிடம் கேட்டேன்.

"சத்தமே இல்லண்ணே" என்றாள். "எங்கப்பாவுக்குத்தான் சந்தோசம். எனக்கு அவுக ஊதிக்கிட்டிருந்தாகன்னா அதுவே போதும்னு இருந்துச்சு. வாயத் தொறந்து சொல்லாமப் போயிட்டேன்."

கிறிஸ்டோபர் லத்தியையே பார்த்துக்கொண்டு நின்றான். பேச்சை மாற்ற, "எத்தனை திருடனைடா பிடிச்ச?" என்றேன்.

"மூணு பேரைப் பாத்தேன். விரட்டுனேன். மூணு பேரும் ஓடிட்டானுக." லத்தியைக் கை மாற்றிக்கொண்டான். "அன்னைக்கு அவன் ஓடலைல தங்கப்பாண்டி? நான் ஊதுற வரைக்கும் நின்னான்ல?"

"நின்னான்டா" என்றேன். "நாங்க எல்லாரும்தான் நின்னோம்."