ஒரு லைனுக்கு ஒரு பலகை

டொராண்டோவில் துணி ஆல்டர் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, முதலாளியம்மா மார்த்தாவிடம் போய், "மேடம், கேன் ஐ கோ?" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், "கோ, கோ, டேக் ரெஸ்ட்" என்று என் கோட்டை எடுத்து மாட்டிவிட்டுக் கதவையும் திறந்துவிட்டார். உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போகக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். நானும் மறுத்துச் சொல்ல இங்கிலீஷ் வராமல் பனியில் நடந்து வீட்டுக்கே போய்விட்டேன். மறுநாள் விஷயம் தெரிந்து கடையே சிரித்தது. இதற்கெல்லாம் இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லையாம். ஊரிலிருந்து படிக்கிறவர்கள் இதென்ன பெரிய விஷயம் என்பீர்கள். எனக்குப் பெரிய விஷயம்தான்.

கல்யாணமான புதிதில், எண்பதுகளின் கடைசியில், தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். தகரக் கூரை, வரிசை வரிசையாக மிஷின். ஒரு வரிசைக்கு லைன் என்று பெயர். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு மரப்பலகை, கயிறு கட்டி ஆணியில் தொங்கும். பாத்ரூம் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, அவ்வளவுதான். அதற்கு மேல் எழுந்தால் சூப்பர்வைசர் பாலு சார் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவர் தலைமேல் மேனேஜர் நின்றார், மேனேஜர் தலைமேல் கப்பல் தேதி நின்றது.

எங்கள் லைனில் துணிக்கட்டு எடுத்துக் கொடுக்கும் ஹெல்பர் கன்னியம்மா. அவள் புருஷனுக்குப் பல்லாவரத்தில் தோல் பதனிடும் வேலை. சுண்ணாம்பு தின்ற கையோடு பாதி நாள் வீட்டில்தான் இருப்பான். அந்த வருஷம் ஆடி பிறக்கும்போது அவள் முழுகாமல் இருந்தாள். தெரிந்தால் எங்கள் கம்பெனியில் மறுநாளே நிறுத்திவிடுவார்கள். ஆடிக் கடைசிவரை வேலை செய்து நாள் கணக்கை நிறைத்தால்தான் சர்க்கார் தரும் பேறுகாலப் பணம் கிடைக்கும். வயிற்றைச் சேலையால் மறைத்தாள். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருந்ததை எதால் மறைப்பது? "அடக்க முடியலக்கா, இன்னா பண்றதுன்னே தெரியல" என்று என்னிடம் அழுதாள். பட்டன் ஓட்டை போடும் மும்தாஜ்தான் வழி சொன்னாள்.

"எங்க முறைய நீ எட்த்துக்கடி. நாங்க பலகைய மாட்டிகினு கட்டு அடுக்குற ரேக்குக்குப் பின்னால வர்றோம். நீ வாங்கி மாட்டிகினு போ. நீதான் எப்பவும் நடந்துகினே கீறியே, எவன் பாக்கப் போறான்?"

அன்றிலிருந்து லைனில் ஒவ்வொருத்தியும் தன் முறையை அவளுக்குக் கொடுத்தோம். கொடுத்துவிட்டு நாங்கள் என்ன செய்வது? தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை ஒரு வாய் கிடையாது. சில நாள் கழித்துப் பாலு சார் தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்தார். விளிம்புவரை அப்படியே இருந்தது.

"இன்னாம்மா, யாருமே தண்ணி குடிக்கலையா?"

"ஆடி விரதம் சார், அம்மனுக்கு." வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவர் திரும்பினார். "ஸ்டெல்லா, உனக்கு இன்னா விரதம்?"

"எங்க மாதாவுக்கு சார்."

"மும்தாஜ்? நோன்புதான் எப்பவோ முடிஞ்சுபோச்சே?"

"விட்டுப்போன நோன்பு சார். பொம்பளைங்களுக்கு நடுவுல சில நாள் விட்டுப்போகும். ஏன்னு சொல்லட்டா சார்?"

பாலு சார் காது சிவக்க நடந்துவிட்டார். லைன் முழுக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தது. ஆனால் வீட்டுக்குப் போய் விளக்கேற்றும்போது எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அம்மன் பேரில் பொய் சொல்லிவிட்டேனே. அப்புறம் தோன்றியது, பொய்யை மெய்யாக்கிவிட்டால் போச்சு. காலையில் தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, "தாயே, இது உனக்கான விரதம்தான், அந்தப் பிள்ளைத்தாச்சிக்குத் துணையா இரு" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு தாகம் அவ்வளவாகத் தெரியவில்லை.

இங்கே என் மகள் போன மாதம் சட்டை வாங்கி வந்தாள். "ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீம்மா." அதில் ஒன்றை ஒரே ஒரு தடவை போட்டாள், பிடிக்கவில்லையாம், பழைய துணிப் பெட்டியில் போடப் பையில் திணித்து வைத்திருந்தாள். எடுத்துக் காலரைத் திருப்பிப் பார்த்தேன். எந்த ஊர்ப் பெண்ணோ, முனையை எவ்வளவு நேர்த்தியாகத் திருப்பியிருந்தாள்! உள்ளே இருந்த துண்டுத் துணியில் எப்படித் துவைக்க வேண்டும், எந்தச் சூட்டில் இஸ்திரி போட வேண்டும் என்றெல்லாம் அச்சடித்திருந்தது. தைத்தவள் தண்ணீர் குடித்தாளா என்பதுதான் இல்லை. மகளிடம் சொன்னேன். "இப்பல்லாம் அப்படி இருக்காதும்மா" என்றாள். இருக்கக் கூடாது என்றுதான் நானும் சாமியிடம் கேட்கிறேன். ஆனால் அந்த மலிவு விலையைப் பார்த்தால் எனக்குத் தொண்டை வறள்கிறது.

ஆடிக் கடைசி வாரம் தகரக் கூரை கொதித்தது. ஸ்டெல்லா மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். பாலு சார் ஓடிவந்து டம்ளரில் தண்ணீர் மொண்டு அவள் வாயருகே பிடித்தார். கண் திறந்தவள் டம்ளரைப் பார்த்தாள். கட்டோடு நின்ற கன்னியம்மாவைப் பார்த்தாள். "இன்னும் ஜெபம் முடியல சார்" என்று தண்ணீரைக் கையில் வாங்கி முகத்தில் மட்டும் அடித்துக்கொண்டாள். கன்னியம்மாவுக்குத் தாங்கவில்லை. கட்டைக் கீழே போட்டுவிட்டு, "சார், நான் ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"கட்ட எட்த்துகினு வாடி! துணி இல்லாம சும்மா குந்திகினு கீறோம்!" என்று மும்தாஜ் போட்ட சத்தத்தில் கூரையே அதிர்ந்தது. எல்லா மிஷினும் ஒன்றாக ஓடத் தொடங்கின. பாலு சார் டம்ளரை ஸ்டெல்லாவின் மிஷின் மேல் வைத்துவிட்டு அடுத்த லைனுக்குப் போனார்.

ஆடிக் கடைசி ஞாயிறுக்கு முந்தின நாள் கன்னியம்மாவுக்குப் பணத்துக்கு வேண்டிய நாள் கணக்கு நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயிலில் கூழ் வாங்க எங்கள் லைன் மொத்தமும் வந்தது, ஸ்டெல்லாவும் மும்தாஜும் தூக்குப்பாத்திரத்தோடு. கன்னியம்மா ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஒவ்வொருத்திக்கும் தன் கையால் ஊற்றினாள். "நல்லா குடிங்கக்கா. இன்னிக்கு பலகை இல்ல." பணம் வந்தது, பெண் குழந்தை பிறந்தது. கம்பெனி அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரருக்கு வெல்டர் வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்துவிட்டோம். எத்தனையோ கோயில் பார்த்தாகிவிட்டது. அந்த லைனை நினைத்தால்தான் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது.

மார்த்தா தினமும் எங்கள் மேஜையில் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் வைக்கிறார். அந்தக் குணத்துக்கு அவரைச் சாமி நன்றாக வைக்கட்டும். ஆடி வந்தால் மட்டும் மத்தியானம்வரை நான் திறப்பதில்லை. தண்ணீர் பிடிக்கவில்லை போல என்று ஃப்ரிட்ஜிலிருந்து வேறொன்று எடுத்து வைப்பார். இரண்டும் நிறைந்து நிற்கும். யாரையும் கேட்காமல் எழுந்து போக இப்போது பழகிவிட்டேன். எழுந்ததும் கை பலகையைத் தேடிக் கழுத்துக்குப் போகும். தாலிச் சரடுதான் தட்டுப்படும். ஆனாலும் பாத்ரூம் கதவைத் தொடும் முன் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்க்கிறேன், வாங்கிக்கொள்ள யாராவது பின்னால் நிற்கிறாளா என்று.