காலி ஆணி

ஒரு திருப்புளி குறைந்தாலும் விமானத்தைக் கிளப்பக் கூடாது என்று இருபது வருஷம் பழகிய மனிதர், ஆளைக் குறைத்துக்கொண்டால்தான் நன்றாகக் கிளம்பலாம் என்று நம்புகிற ஓர் இடத்தில் எப்படி வேலை பார்ப்பார்?

காலை மணி அடிக்கும் முன்பே ஆரோக்கியசெல்வம் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவை ஒரு சுற்று சுற்றிவிடுகிறார். ஜன்னல் கொக்கியைத் தட்டிப் பார்க்கிறார். ஆடும் பெஞ்சை முழங்காலால் அழுத்துகிறார். ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகங்களையும் அதே கண்ணால்தான் பார்க்கிறார். யாராவது வாடியிருந்தால் அங்கேயே நின்றுவிடுவார்.

"என்னய்யா, டயர்ல காத்து எறங்கிக் கெடக்கு? சாப்புட்டியா?"

"சாப்புட்டேன் சார்."

"என்ன சாப்புட்ட?"

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பன் வரும். மற்ற பிள்ளைகள் பார்க்காதது போல் புத்தகத்தைப் புரட்டுவார்கள். அவர்களும் ஒரு நாள் அந்த பன்னைத் தின்றவர்கள்தாம்.

சுற்று முடிவது பின்சுவரில். அங்கே நீளமான ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். பிள்ளைக்கு ஓர் ஆணி, ஆணிக்கு ஒரு பை. ஒவ்வோர் ஆணியின் பின்னாலும் பை வடிவத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார். பை இல்லாவிட்டால் அந்தக் கறுப்பு வெளியே தெரியும். "வருகைப் பதிவெல்லாம் எதுக்கு? ஆணியப் பாத்தா ஆளு தெரியும்" என்பார்.

விமானப்படையில் கருவிகளை மாட்டும் பலகை இப்படித்தான் இருக்குமாம். ஸ்பேனரை எடுப்பவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அந்த ஆணியில் மாட்டிவிட்டு எடுக்க வேண்டும். ஸ்பேனர் திரும்பி வந்தால்தான் வில்லையைக் கழற்றலாம். வில்லை தொங்குகிறது என்றால் கருவி எங்கோ வெளியே இருக்கிறது, அதற்கு இன்னார் பொறுப்பு என்று அர்த்தம். கருவி எஞ்சினுக்குள் கிடந்தாலும் கிடக்கும். ஆகவே பலகையில் ஒரு வில்லை தொங்கும்வரை விமானம் நகராது, யார் வந்து கத்தினாலும் நகராது. அவருடைய வில்லை இன்றும் வண்டிச் சாவியோடு சட்டைப் பையில் கிடக்கிறது. ஓய்வு பெறும்போது எப்படி அவரோடு வந்தது என்று கேட்டால், "அதுவா வந்துடுச்சு" என்கிறார்.

வரதராசன்பேட்டைக்காரர். முந்திரிக் காட்டுக்கு மேலே போன விமானத்தை அண்ணாந்து பார்த்துப் படைக்குப் போனவர் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் போனது சம்பளத்துக்கு. திரும்பி வந்து பி.எட். முடித்து, உடையார்பாளையம் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார் ஆனார். பள்ளிக்காரர்கள் வாசல் பேனரில் அவர் படத்தின் பக்கத்தில் ஒரு போர் விமானத்தையும் போட்டுவிட்டார்கள். அதை நம்பிச் சுற்றுவட்டாரத்துத் தாய்மார்கள் வந்தார்கள்.

"எம் மவனையும் பிளேன் ஓட்ட வச்சிடுங்க சார்."

"நான் ஓட்டுனவன் இல்லம்மா. தொடச்சவன்."

அவர்கள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். 'பிளேன் சார்' என்ற பெயர் நிலைத்தது.

அவரும் எதையெடுத்தாலும் விமானத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துவார். "எஞ்சின் தூக்கும்னா நெனைக்கிறீங்க? அது தள்ளும், அவ்வளவுதான். வாத்தியாருங்க நாங்களும் தள்ளுறோம். தூக்குறது எதுத்து அடிக்கிற காத்து. அதனால காத்து அடிக்குதேன்னு அழுவாதீங்க." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உவமை என்பது ஓரளவு தூரம்தான் கூட வரும். தமிழாசிரியை வெற்றிச்செல்வி ஒரு நாள் ஆசிரியர் அறையில் கேட்டார்: "விமானத்துல ஏறுன எல்லாரும் ஒரே ஊருக்குப் போறாங்க. நம்ம புள்ளைங்க அப்படியா சார்?" டம்ளரைக் கீழே வைத்தார் ஆரோக்கியசெல்வம். "அங்கதாம்மா இடிக்குது" என்றார். அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. உவமையை விடவும் முடியவில்லை.

அது அவரையே திருப்பி அடித்தது சென்ற வருஷம் அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு.

சக்தி என்ற பெண் கணக்கில் தேறவில்லை. காலாண்டிலும் தேறவில்லை. தாய் சுமதி வீட்டில் முந்திரி உடைக்கிறவர். மகளும் மாலையில் கூட உட்கார்ந்து உடைப்பாள். முந்திரித்தோல் எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்திருக்கும். பொதுத்தேர்வுக்குப் பெயர்களை அனுப்பும் நாள் நெருங்கியது. பள்ளி சில வருஷங்களாக நூறு சதவீதம் காட்டிவருகிறது. எப்படிக் காட்டுகிறது என்பது ஆசிரியர் அறைக்குத் தெரியும். முந்தின வருஷம் அறிவழகன் என்றொரு பையன் இதே நேரத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனான். 'வேறு பள்ளியில் சேர்கிறான்' என்றார்கள். எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. சிமென்ட் ஆலைக்குப் போகும் லாரியில் கிளீனராக இருக்கிறான். அவனுக்கு முன்னால் போனவர்களும் உண்டு. அப்போதெல்லாம் பிளேன் சார் காலைச் சுற்றைச் சரியாகச் சுற்றினார், பாடத்தையும் சரியாக நடத்தினார்.

தாளாளர் தர்மராஜ் கெட்ட மனிதர் அல்லர். கடன் வாங்கிக் கட்டிய பள்ளி, சேர்க்கை குறைந்தால் மூட வேண்டியதுதான். சுமதியை வரச் சொல்லிவிட்டு, அவர் வருவதற்குள் ஆரோக்கியசெல்வத்தை அறைக்குக் கூப்பிட்டார்.

"நீங்க சொன்னா அந்தம்மா கேட்டுக்கும் சார்."

"புள்ள எழுதட்டுமேங்க. இன்னும் நாள் கெடக்கு."

"நானா சொல்றேன்? பிரேயர்ல நீங்கதான சொன்னீங்க? எடை கூடிப்போச்சுன்னா சாமானத்த எறக்கிட்டுத்தான் பறக்கணும், இல்லன்னா மொத்தமா விழுந்துடும்னு. நல்லாச் சொன்னீங்க சார். நான் அத மறக்கவே இல்ல."

அவர் கேலி செய்யவில்லை. மனதாரத்தான் சொன்னார். ஆரோக்கியசெல்வம் சொன்னதுதான். அதே சொற்கள்.

சுமதி வந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் நின்றார். தர்மராஜ் பொறுமையாக விளக்கினார்: பிள்ளைக்கு மனஅழுத்தம் வேண்டாம், அடுத்த வருஷம் தனியாகப் பணம் கட்டி எழுதலாம், எல்லாம் நல்லதற்குத்தான். சுமதி அவரைப் பார்க்கவில்லை. கறுத்த விரல்களால் முந்தானையை முறுக்கிக்கொண்டு கணக்கு வாத்தியாரையே பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க சார். நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

வெளியே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. ஆரோக்கியசெல்வம் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுமதி இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, "சாரே ஒண்ணும் சொல்லல. அப்பச் சரிதான் போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மகளை அழைத்துப்போக வகுப்புப் பக்கம் நடந்தார்.

மறுநாள் காலை அவர் சுற்றினார். கொக்கி, பெஞ்சு, முகங்கள். பின்சுவரில் ஓர் ஆணி காலி, கறுப்பு தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, பித்தளை வில்லையைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டினார். போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

பிள்ளைகள் குசுகுசுவென்று பேசினார்கள். அடுத்த பாடவேளைக்கு வந்த அறிவியல் ஆசிரியர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். தர்மராஜ் வந்தார்.

"என்ன சார், உடம்புக்கு முடியலியா?"

"நல்லாருக்கேங்க."

"அப்பப் பாடத்த ஆரம்பிங்க."

"ஒண்ணு கொறையுதுங்க."

தர்மராஜ் பலகையைப் பார்த்தார். முகம் சிவந்தது. "நேத்து வாயத் தொறக்காம நின்னீங்களே, அப்பச் சொல்லியிருக்கலாம்ல? இன்னைக்குப் புள்ளைங்க முன்னாடி எனக்குப் பாடம் நடத்துறீங்களா?"

நேற்றைய அதே மௌனம். இன்று அது வேறு ஆளின் மேல் விழுந்தது. "வேலைய விட்டு அனுப்பிடுவேன் சார்" என்றார் தர்மராஜ், தாழ்ந்த குரலில். ஆரோக்கியசெல்வம் தலையசைத்தார். நியாயம்தான் என்பது போலிருந்தது அந்த அசைவு.

'பி' பிரிவில் அன்று பகல்வரை யாரும் எதுவும் நடத்தவில்லை. இடைவேளையில் பிள்ளைகள் வெளியே ஓடவில்லை. சேதி எப்படியோ வாசலுக்குப் போய், மதியச் சோறு கொண்டுவந்த தாய்மார்கள் இரண்டு பேர் மரத்தடியிலேயே நின்றுவிட்டார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். தர்மராஜ் அதை மாடியிலிருந்து பார்த்தார். பிறகு அலுவலகத்துக்குள் போய்ப் போனை எடுத்தார்.

மாலை மணிக்குச் சற்று முன்னால் சக்தி வந்தாள். சுமதி வாசலோடு நின்றுகொண்டார். அறை முழுவதும் தன்னையே பார்ப்பது தெரிந்து, அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி பின்சுவருக்குப் போனாள். அவளுடைய ஆணியில் வில்லை தொங்கியது. ஆள் வந்தாயிற்று, கருவி திரும்பினால் வில்லையைக் கழற்ற வேண்டும். பிளேன் சாரின் வகுப்பில் இது தெரியாதவர் இல்லை. சக்தி அதைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க சார்."

ஆரோக்கியசெல்வம் எழுந்து வந்தார். வில்லையை வாங்கினார். கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்தார். "அறிவழகன் இன்னும் வெளியதான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு மறுபடி அதே ஆணியில் மாட்டினார். அவள் தோளிலிருந்து பையை வாங்கி, பலகையின் கடைசியில் பை வடிவம் எதுவும் வரையாத ஓர் ஆணியில் தொங்கவிட்டு, கரும்பலகைக்குப் போய்த் தேதியை எழுதினார்.